பழைய கணினியில் டெக்ஸ்ட் ஃபைலைச் சுருக்கி அச்சடிப்பது: ஒரு தாளில் நான்கு பக்கம்

கேள்வி இதுதான். டாஸ் (விண்டோஸுக்கு முந்திய, கட்டளை தட்டும் இயங்குதளம்) ஓடும் ஒரு பழைய கணினி, கூடவே 80 காலம் (வரிக்கு 80 எழுத்து) டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அதாவது ஊசிகளால் ரிப்பனைக் குத்தி அச்சடிப்பது. மென்பொருள்களோடு வந்த கையேடுகள், பழைய நிரல்கள் என்று நீண்ட டெக்ஸ்ட் ஃபைல்கள் நிறைய கிடக்கின்றன. அப்படியே அடித்தால் பேப்பர் கட்டே தீர்ந்துவிடும். சின்ன எழுத்தில், இரண்டு பத்தியாக, ஒரு தாளில் முடிந்தவரை நிறைய வரிகள் வருகிற மாதிரி அடித்துத்தரும் குட்டி மென்பொருள் எது? கிடைக்காவிட்டால் நாமே எழுதிக்கொள்ள முடியுமா?

எழுதிக்கொள்ளலாம், நூறு நூற்றைம்பது வரிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த வரிகளில் எழுத்தைச் சிறிதாக்கும் வேலை மிகக் குறைவு. அதைப் பிரிண்டரே செய்யும். நாம் ஒருசில எண்களை அனுப்பினால் போதும். மீதி வரிகள் எல்லாம் ஃபைலுக்குள் கிடக்கும் குப்பையைக் களைவதற்கும், ஒரு முழுத் தாளை நினைவகத்தில் வரிசைப்படுத்துவதற்கும்தான் செலவாகும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு ஃபாண்ட், டிரைவர் என்று தேடப் போனால் டாஸில் ஒன்றும் கிடைக்காது.

எதையும் எழுதுவதற்கு முன் டாஸிலேயே இருப்பதைப் பாருங்கள். மோட் என்ற கட்டளைக்கு எல்பிடி1: 132,8 என்று கொடுத்தால் (எல்பிடி1 என்பது பிரிண்டர் மாட்டியிருக்கும் இணைப்பின் பெயர்), எப்சன் நிறுவனத்தின் கட்டளைகளை ஏற்கும் பிரிண்டர் கன்டென்ஸ்டு எனும் நெருக்கிய எழுத்துக்கும் அங்குலத்துக்கு 8 வரிக்கும் மாறிவிடும். பிறகு வழக்கம்போல காப்பி கட்டளையால் ஃபைலை எல்பிடி1-க்கு அனுப்பலாம். 11 அங்குலத் தாளில் 66 வரிக்குப் பதில் 88 வரி வரும். அகலமான அட்டவணைகளுக்கு இதுவே போதும். ஆனால் 80 எழுத்து வரிகள் உள்ள கையேட்டை இப்படி அடித்தால் தாளின் வலது பக்கம் கிட்டத்தட்ட பாதி வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையை நிரப்பத்தான் தனி மென்பொருள் வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 80 காலம் பிரிண்டர் 8 அங்குல அகலம் அச்சடிக்கும். சாதாரண பைக்கா எழுத்து அங்குலத்துக்கு 10, வரிக்கு 80. எலீட் என்றால் 12, வரிக்கு 96. கன்டென்ஸ்டு என்றால் சுமார் 17, வரிக்கு 137. எலீட்டையும் கன்டென்ஸ்டையும் சேர்த்தால் 20, வரிக்கு 160. நெடுக்கு வாக்கில் அங்குலத்துக்கு 6 வரி என்பதை 12 ஆக்கினால் 11 அங்குலத்தில் 132 வரி. அதாவது 160-க்கு 132. இது 80-க்கு 66 என்ற பழைய பக்கத்தைப் போல இரண்டு திசையிலும் சரியாக இரண்டு மடங்கு. ஒரு தாளில் நான்கு பக்கம் என்ற பேச்சு இந்தக் கணக்கில் பிறந்ததுதான்.

இனி பிரிண்டருக்கு அனுப்ப வேண்டிய கட்டளை எண்கள். பேசிக்கிலோ பாஸ்கலிலோ அப்படியே போட்டுக்கொள்ள வசதியாகத் தசம எண்களிலேயே தருகிறேன். 27 என்பது எஸ்கேப், அடுத்து வருவது கட்டளை என்று பிரிண்டருக்குச் சொல்லும் குறி. முதலில் 27 64, பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். 27 77 எலீட். 15 கன்டென்ஸ்டு, அதை ரத்து செய்ய 18. வரி இடைவெளிக்கு 27 48 கொடுத்தால் அங்குலத்துக்கு 8 வரி. இன்னும் நெருக்க வேண்டுமானால் 27 51 கொடுத்து அதன் பின்னே ஓர் எண். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அச்சடிக்கும் ஹெட்டில் 9 ஊசி உள்ள பிரிண்டரில் அந்த எண் அங்குலத்தின் 216-இல் பங்கு, 24 ஊசி பிரிண்டரில் 180-இல் பங்கு. எனவே அங்குலத்துக்கு 12 வரி வேண்டுமென்றால் முன்னதற்கு 18, பின்னதற்கு 15. 9 ஊசி எல்எக்ஸ்-300-க்கு எழுதிய மென்பொருளை 24 ஊசி எல்க்யூ-300-இல் ஓட்டினால் 12 வரிக்குப் பதில் 10 வரிதான் வரும், பக்கம் வழிந்து அடுத்த தாளுக்குப் போகும். மென்பொருளில் இதை ஒரு விருப்பமாக வைத்துவிடுங்கள்.

அங்குலத்துக்கு 12 வரி என்றால் ஒரு வரிக்கு 9 ஊசி ஹெட்டில் ஆறு ஊசி உயரம்தான் கிடைக்கும். சாதாரண எழுத்து அதற்குள் அடங்காது. கீழே தொங்கும் வால்கள் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். அதற்காக 27 83 0 அனுப்பி மேலெழுத்து நிலைக்குப் போக வேண்டும். கணிதத்தில் வர்க்கம் போடுகிற அந்தச் சின்ன எழுத்து, சாதாரண எழுத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உயரம். முழு ஃபைலையும் அந்த நிலையிலேயே அடித்துவிடுவதுதான் தந்திரம். வெளியே வர 27 84. சில மாடல்கள் இந்த எழுத்தை இரண்டு முறை அடிக்கும், அதனால் வேகம் நன்றாகக் குறையும். பிரிண்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

ஆரம்பகால மாடல்கள் சிலவற்றில் எலீட்டும் கன்டென்ஸ்டும் ஒன்றாகச் சேராது. 27 77 கொடுத்த பிறகு 15 கொடுத்தாலும் 12 எழுத்திலேயே நிற்கும். அப்படியானால் எலீட்டை விட்டுவிட்டு 137 எழுத்தை வைத்துக்கொண்டு பத்திக்கு 66 எழுத்து, நடுவே 5 இடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாள் நீளம். அமெரிக்க மென்பொருள்கள் எல்லாம் 11 அங்குலத் தாளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கன்டினியூவஸ் பேப்பர் பெரும்பாலும் 10-க்கு 12, அகலமானது 15-க்கு 12. நீளம் 12 அங்குலம். 66 வரிக்கு ஒரு பக்கம் என்று கண்மூடித்தனமாக எண்ணும் மென்பொருள் ஒவ்வொரு தாளிலும் ஓர் அங்குலம் முன்னுக்கு நகர்ந்துகொண்டே போகும். நான்கைந்து தாளுக்குள் எழுத்து கிழிக்கும் துளை வரிசையின் மேல் வந்து விழும். தீர்வு எளிது. தாளின் மடிப்பை ஹெட்டுக்கு நேராக வைத்து, 27 67 0 12 என்று அனுப்புங்கள். பக்கம் 12 அங்குலம் என்று பிரிண்டருக்குத் தெரிந்துவிடும், அந்த இடமே பக்கத்தின் தொடக்கமாகவும் பதிந்துவிடும். வரிக்கணக்கில் நீளம் சொல்லும் வடிவமும் உண்டு, ஆனால் அது அந்த நேரத்து வரி இடைவெளியை வைத்துக் கணக்கிடும். கட்டளைகளின் வரிசை மாறினால் நீளமும் மாறிவிடும். அங்குலத்தில் சொல்வதே நிம்மதி. பக்கம் முடிந்ததும் வெற்று வரிகளை அனுப்பி இடத்தை நிரப்பாமல் 12 என்ற ஃபார்ம் ஃபீடை (அடுத்த தாளுக்கு நகர்த்தும் குறி) ஒருமுறை அனுப்புங்கள். பல பிரிண்டர்களில் துளை வரிசையைத் தாண்டிக் குதிப்பதற்கு ஒரு டிப் சுவிட்ச் (பிரிண்டரில் உள்ள குட்டிப் பொத்தான்) இருக்கும். யாராவது அதைப் போட்டு வைத்திருந்தால் உங்கள் கணக்கு முழுதும் கெடும். 27 79 அனுப்பினால் அது அணையும்.

12 அங்குலத்தில் 144 வரி. மேலும் கீழும் சேர்த்து எட்டு வரி விட்டால் 136. இரண்டு பத்திக்கு 272 வரி. 3000 வரியுள்ள கையேட்டைப் பக்கத்துக்கு 60 வரியாகச் சாதாரணமாக அடித்தால் 50 தாள் ஆகும். இந்த முறையில் 12 தாளில் முடிந்துவிடும்.

இப்போது உண்மையான வேலைக்கு வருவோம், ஃபைலைப் படிப்பதற்கு. டெக்ஸ்ட் ஃபைல் என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. டேப் எழுத்தை (9) முதலில் இடங்களாக விரித்துவிட வேண்டும், எட்டின் மடங்கில் அடுத்த நிறுத்தம் வரை. பிரிண்டரிடம் விட்டால், நம் கணக்கில் ஓர் எழுத்தாக நிற்கும் டேப் தாளில் பல இடமாக விரிவதால் வலது பத்தி தாறுமாறாகும். யூனிக்ஸிலிருந்து வந்த ஃபைலில் வரி முடிவில் 10 மட்டும் இருக்கும், 13 இருக்காது; நேரடியாக அனுப்பினால் வரிகள் படிக்கட்டு மாதிரி வலப்பக்கம் இறங்கும். யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களை ஃபைலாக்கியிருந்தால் தடித்த எழுத்துக்காக ஒரே எழுத்தை இரண்டு முறை, நடுவே 8 என்ற பேக்ஸ்பேஸோடு எழுதி வைத்திருப்பார்கள். 8 வந்தால் அதற்கு முந்திய எழுத்தைத் தூக்கிவிடுங்கள். 26 வந்தால் ஃபைல் முடிந்தது என்று பொருள். அதற்குப் பின்னால் கிடப்பது பெரும்பாலும் குப்பை.

டாஸ் காலத்துச் சொற்செயலியான வேர்ட்ஸ்டாரின் ஃபைல்கள் தனி ரகம். ஒரு காலத்தில் தட்டச்சு நிலையங்கள் எல்லாம் வேர்ட்ஸ்டாரில் ஓடியதால் இன்றும் பழைய ஃப்ளாப்பிகளில் இவை கிடைக்கும். டாக்குமெண்ட் முறையில் சேமித்தால், பல சொற்களின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றி வைத்துவிடும். திரையில் பார்த்தால் சொல்லுக்குச் சொல் கடைசியில் விசித்திரமான குறி நிற்கும். 128-க்கு மேலுள்ள ஒவ்வொன்றிலும் 128-ஐக் கழித்தால் சரியாகிவிடும். வரி முடிவில் வரும் 141 இந்தக் கழித்தலில் 13 ஆகிவிடும் என்பதால் அதுவும் சேர்ந்தே தீரும். புள்ளியில் தொடங்கும் வரிகள் வேர்ட்ஸ்டாருக்கான கட்டளைகள், அவற்றைத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தக் கழித்தலை எல்லா ஃபைலுக்கும் செய்யக் கூடாது. கட்டம் போட்ட அட்டவணைகள் இருக்கும் ஃபைலில் அந்தக் கோடுகள்தான் 128-க்கு மேல் இருப்பவை. கழித்தால் கோடு எல்லாம் ஆங்கில எழுத்தாக மாறும். கட்டக் கோடு சரியாக வர 27 116 1 அனுப்ப வேண்டும், இல்லையென்றால் எப்சன் பிரிண்டர்கள் பலவும் அந்தப் பகுதியைச் சாய்ந்த எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

குப்பை போனபின் சிக்கனத்துக்கு இரண்டு சின்ன வேலைகள் நல்ல பலன் தரும். ஒன்று, தொடர்ந்து வரும் வெற்று வரிகளை ஒன்றாக்குவது. கையேடு எழுதியவர் ஏற்கெனவே 66 வரிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, அடியில் பக்க எண் போட்டு, ஃபார்ம் ஃபீடும் வைத்திருப்பார். அந்த ஃபார்ம் ஃபீடை மதித்தால் பத்தி பாதியில் நின்றுவிடும். அதை ஒரு வெற்று வரியாக மாற்றிவிடுவதே எனக்குப் பிடித்த வழி. இரண்டாவது, எல்லா வரிகளுக்கும் பொதுவாக இருக்கும் இடது ஓரத்தை வெட்டுவது. கையேடுகள் பலவும் ஐந்து முதல் பத்து இடம் விட்டுத்தான் தொடங்கும். ஃபைலை ஒருமுறை முழுதும் படித்து மிகக் குறைந்த ஓரம் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதை எல்லா வரியிலும் கழித்தால் 75 எழுத்து வரி 66-க்குள் வந்துவிடும். அங்குலத்துக்கு 17 எழுத்துக்கு மேல் போகாத பிரிண்டர் வைத்திருப்பவருக்கு இது பெரிய லாபம்.

அப்படியும் நீளும் வரியை மடிக்கத்தான் வேண்டும். உரைநடை என்றால் இடைவெளி பார்த்து மடிக்கலாம். நிரல் என்றால் கண்டிப்பாக அளவிலேயே வெட்டி, தொடரும் வரியின் முன்னால் ஒரு குறி போடுங்கள். இல்லையென்றால் படிப்பவர் அதைப் புது வரி என்று நினைத்துக்கொள்வார்.

பக்கத்தை அமைப்பதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. 144 வரிக்கு 160 எழுத்து என்று ஓர் அணி (அரே) எடுத்தால் 23,040 பைட். 64 கிலோபைட் கட்டுக்குள் தாராளமாக அடங்கும் என்பதால் டர்போ பாஸ்கலில் ஒரே மாறியாக வைக்கலாம். இடங்களால் நிரப்பி, முதல் பத்தியை மேலிருந்து கீழாக எழுதி, நிறைந்ததும் இரண்டாவது பத்தியை 81-இல் தொடங்கி எழுதி, பிறகு வரி வரியாக அனுப்ப வேண்டியதுதான். 79 எழுத்தில் முதல் பத்தியை நிறுத்தினால் நடுவே ஓர் இடமாவது மிஞ்சும். அனுப்புமுன் ஒவ்வொரு வரியின் வலது கோடி இடங்களையும் வெட்டிவிடுங்கள். மேலே ஒரே வரியில் ஃபைல் பெயர், தேதி, பக்க எண் போடுவதைச் சிக்கனம் என்று விட்டுவிடாதீர்கள். தாள்களைக் கிழித்தபின் ஒருமுறை கலைந்தால் இந்தச் சின்ன எழுத்தில் வரிசை கண்டுபிடிப்பது நரகம்.

பேசிக்கில் எழுதுபவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. ஜிடபிள்யூ பேசிக் பிரிண்டரின் அகலம் 80 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். 80 எழுத்து ஆனதும் தானாக வரியை முடித்துவிடும். கன்டென்ஸ்டுக்கு மாறியும் வரி பாதியில் உடைகிறதே என்று பிரிண்டரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. விட்த் கட்டளையில் எல்பிடி1-க்கு 255 என்று கொடுத்தால் அது வாயை மூடிக்கொள்ளும். பேப்பர் தீர்ந்ததா என்று பார்க்க விரும்பினால் பயாஸின் (கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரல்) 17ஆம் (பதினாறடிமானம்) இன்டரப்ட்டில் 2ஆம் பணியைக் கேளுங்கள். விடையின் 5ஆம் பிட் ஏறியிருந்தால் தாள் இல்லை.

நிரல் எழுதவே வேண்டாம் என்றால் யூனிக்ஸின் பிஆர் என்ற கட்டளைக்கு டாஸ் வடிவங்கள் உண்டு. இரண்டு பத்தி, அகலம் 160, நீளம் 132 என்று கொடுத்தால் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். தலைப்புக்கும் அடிக்கும் ஐந்தைந்து வரி எடுத்துக்கொண்டு பத்திக்கு 122 வரி தரும். ஆனால் பல பத்தியாக அடிக்கும்போது நீண்ட வரியை மடிக்காது, வெட்டி எறிந்துவிடும். கையேட்டுக்குச் சரி, நிரலுக்கு ஆபத்து. ஏ2பிஎஸ், என்ஸ்கிரிப்ட், எம்பேஜ் போன்றவை அழகாக அடுக்கும், ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க வருணனை மொழியில் தருவதால் டாட் மேட்ரிக்ஸுக்கு நேராக உதவாது.

இவ்வளவு சொன்னபின் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்குலத்துக்கு 20 எழுத்து, 12 வரி என்பது 9 ஊசி பிரிண்டரில் செய்ய முடியும் என்பதற்காகச் செய்கிற காரியம். புத்தம் புது ரிப்பனில் மை கசிந்து ஆங்கிலத்தின் வட்ட எழுத்துகள் அடைத்துக்கொள்ளும், தேய்ந்த ரிப்பனில் பாதி புள்ளி தெரியாது. கொஞ்சம் ஓடிய ரிப்பனில்தான் படிக்க வரும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாத இடங்கள் வரும். கதை, கையேடு என்றால் சூழலை வைத்து ஊகித்துவிடலாம். நிரல், எண் அட்டவணை என்றால் 27 48 போட்டு அங்குலத்துக்கு 8 வரியில் முழு உயர எழுத்தாகவே அடியுங்கள். 12 அங்குலத் தாளில் 96 வரி, ஓரம் போக 90. இரண்டு பத்திக்கு 180. சாதாரணத்தைவிட மூன்று மடங்கு சிக்கனம் இப்போதும் இருக்கிறது, கண்ணும் பிழைக்கும்.

லேசர் பிரிண்டர் இருந்தால் கதை இன்னும் சுலபம். எச்பி லேசர்ஜெட் வரிசையின் பல மாடல்களில் லைன் பிரிண்டர் என்ற எழுத்து உள்ளேயே இருக்கும், அங்குலத்துக்கு 16.66. ஏ4 தாளைப் படுக்கையாக எடுத்தால் 11.69 அங்குல அகலம். ஓரம் போக 11 அங்குலம் என்றாலும் 183 எழுத்து பிடிக்கும், 80-க்கு 80 இரண்டு பத்தி தாராளம். உயரம் 8.27 அங்குலம். வரி இடைவெளியை 48-இல் 5.5 பங்கு என்று வைத்தால் 66 வரி 7.56 அங்குலத்தில் முடியும். அனுப்ப வேண்டியவை: தொடக்கத்துக்கு 27 69, படுக்கைக்கு 27 38 108 49 79, எழுத்துக்கு 27 40 115 49 54 46 54 54 72, இடைவெளிக்கு 27 38 108 53 46 53 67. எண்ணாகப் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் 16.66, 5.5 என்ற எண்களையே எழுத்தெழுத்தாக அனுப்புகிறோம், அவ்வளவுதான். இங்கே தாளின் ஒரு முகத்தில் ஃபைலின் இரண்டு பக்கம்தான் விழும். ஒற்றை எண் முகங்களை முதலில் அடித்து, கட்டைத் திருப்பிப் போட்டு இரட்டை எண் முகங்களை அடித்தால் ஒரு தாளுக்கு நான்கு என்ற கணக்கு திரும்ப வந்துவிடும், அதுவும் தெளிவான எழுத்தில். நடுவே இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போய்விட்டால் அதற்குப் பிந்தியதெல்லாம் பாழ் என்பதால் பத்துப் பத்துத் தாளாக அடியுங்கள். கடைசிப் பக்கத்துக்குப் பின் ஃபார்ம் ஃபீடோ 27 69-ஓ அனுப்ப மறந்தால் பாதி நிறைந்த பக்கம் பிரிண்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எச்சரிக்கை ஒன்று: லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி2900 போன்றவை கணினி வரைந்து கொடுக்கும் படத்தை மட்டுமே அடிப்பவை. நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் கண்ணில் படுபவை இவைதான். டாஸிலிருந்து எந்த எழுத்தை அனுப்பினாலும் இவை அசையாது.

தமிழ் ஃபைலுக்கு இதெல்லாம் உதவுமா என்பது அடுத்து வரும் கேள்வி. உதவாது. 15 அனுப்பியதும் சிறிதாவது பிரிண்டருக்குள் இருக்கும் ஆங்கில எழுத்து. தமிழ் அதற்குள் இல்லை. தமிழைப் புள்ளிப் படமாகத்தான் அனுப்ப வேண்டும். ணகரமும் ஐகாரமும் அடையாளம் தெரிய உயரத்தில் 16 புள்ளியாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 9 ஊசி ஹெட்டில் அங்குலத்துக்கு 72 புள்ளி என்பதால் நான்கரை வரிதான் வரும். சுருக்குவதற்குப் பதில் பெருக்கியதாகிவிடும். 24 ஊசியில் அங்குலத்துக்கு 180 புள்ளி. 27 42 39 கொண்டு ஒரே ஓட்டத்தில் 24 புள்ளி உயரம் அடித்தால் ஏழரை வரி வரும். அது பரவாயில்லை. ஆனால் அதற்குத் தனி எழுத்துப்படம், தனி நிரல் எல்லாம் வேண்டும். அவ்வளவு உழைப்புக்குப் புதுக் கணினியில் இரண்டு பத்தியாக அமைத்து லேசரில் எடுப்பதே புத்திசாலித்தனம்.

பழைய பிரிண்டரைப் புதுக் கணினியில் மாட்டியிருப்பவர்கள், மென்பொருளின் வெளியீட்டை எல்பிடி1-க்கு அனுப்பாமல் ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். விண்டோஸில் பிரிண்டரைப் பகிர்ந்துவிட்டு, காப்பி கட்டளையில் /பி சேர்த்து அந்தப் பகிர்வுப் பெயருக்கு அனுப்பினால் எண்கள் மாறாமல் போய்ச்சேரும். லினக்ஸில் எல்பி கட்டளைக்கு ரா என்ற விருப்பம் கொடுத்தால் போதும். புதுக் கணினியில் டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸின் சாதாரண வடிவத்தில் பிரிண்டர் கிடையாது, டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு.

எல்லாம் அடித்து முடிந்ததும் நிரலின் கடைசி வரியாக மீண்டும் 27 64 அனுப்புங்கள். லேசருக்கு 27 69. நிரல் நடுவில் நிறுத்தப்பட்டாலும் இது போகிற மாதிரி எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே பிரிண்டரில் அடுத்து யாராவது பில் அடிக்கும்போது அது தாளின் இடது மூலையில், பொடி எழுத்தில் வந்து விழும்.